கென்யா மலைப்பகுதி மிஷன் ஆஸ்பத்திரிக்கு 8 வாரம்: போவதற்கு முன்னும் போய் இறங்கியதும்

நாலாம்வருஷம்:
எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். மாணவன். ஜூன் கடைசியில் கென்யாவின் பொமெட் பக்கம் இருக்கும் டென்வெக் மருத்துவமனைக்கு எட்டு வாரம் தன்னார்வலராகப் போகிறேன். கடிதம் வந்துவிட்டது, கிளம்ப இன்னும் பத்து வாரம். தடுப்பூசி, பெட்டியில் என்ன வைப்பது, சாப்பாடு, பாஷை, வார்டில் எதைச் செய்யலாம் எதைத் தொடக்கூடாது என்று ஒரே குழப்பம். ஒரு பெட்டி நிறைய மருந்து வாங்கித் தருகிறோம், கொண்டுபோய்க் கொடு என்கிறார்கள் வீட்டில். இன்னொன்று, நான் கிறிஸ்தவன் இல்லை. அது அங்கே சங்கடமாகுமா?

மஞ்சளட்டை:
பத்து வாரம் என்பது சரியான அவகாசம், ஆனால் நாளைக்கே ஆரம்பித்தால்தான். முதலில் ஹெபடைடிஸ் பி. "முதலாம் ஆண்டில் மூன்று ஊசி போட்டாச்சு" என்பது போதாது. எதிர்ப்பொருள் அளவைப் பார்த்துவிடுங்கள். 10-க்குக் கீழே இருந்தால் ஒரு ஊசி போட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்றைக்குப் பார்த்தால்தான் கிளம்புமுன் மறுசோதனைக்கு நேரம் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இங்கேதான் நம்மவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேரே போகிறவரிடம் கென்யா இதைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். கென்யா அந்த நோய்ப்பட்டியலில் இருக்கும் நாடு. செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதன்பிறகு ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். உயிருள்ள கிருமியில் தயாராகும் ஊசி என்பதால் முட்டை ஒவ்வாமை, ஸ்டீராய்டு, எதிர்ப்புச்சக்திக் குறைவு எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பாக 0, 7 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி. டைபாய்டு, டெட்டனஸ் பழசாகியிருந்தால் புதுப்பியுங்கள். போகுமுன் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துக் கோப்பில் வையுங்கள். நம் ஊரில் வளர்ந்தவர்கள் பலருக்குக் காசநோய்க்கான மான்டூ தோல் சோதனை ஏற்கெனவே தடித்தே இருக்கும், அதனால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம்தான் உதவும்.

மலேரியா: பொமெட் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர மேட்டுநிலம், கொசு குறைவு. ஆனால் வார இறுதியில் கிசுமு ஏரிக்கரைக்கோ மொம்பாசாவுக்கோ இறங்கினால் கதை வேறு. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, ஊர் திரும்பி 4 வாரம் வரை. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பி 7 நாள் போதும், விலைதான் கூட. டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகி, எச்சில் விழுங்கினாலே எரியும்.

நுழைவு அனுமதி: 2024 ஜனவரியிலிருந்து கென்யாவில் விசா கிடையாது, மின்னணுப் பயண அனுமதி மட்டும். அதில் "சுற்றுலா" என்று போட்டுவிட்டு வார்டில் போய் நிற்காதீர்கள். மாணவருக்கு எந்த வகை, மருத்துவக் கவுன்சிலிடம் என்ன ஒப்புதல் என்பதை ஆஸ்பத்திரியின் தன்னார்வலர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வடமராட்சி:
சாமான் பற்றி நான் சொல்லுறன். கென்யாவில கரண்ட் 240 வோல்ட், பிளக் மூண்டு சதுரக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை. லண்டனில இருந்து போறவைக்குப் பிரச்சினை இல்லை. இந்தியாவில இருந்து போறவைக்கு ஒரு அடாப்டர் போதும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. ரெண்டு அடாப்டரா எடுங்கோ, ஒண்டு கட்டாயம் துலையும்.

முக்கியமான விசயம், பொலித்தீன் பை. 2017 ஓகஸ்ட் 28-இல இருந்து கடைப் பைகளுக்குத் தடை, தண்டமும் சிறையும் சட்டத்தில இருக்கு. சப்பாத்தை, அழுக்கு உடுப்பைச் சுத்திறதுக்குத் துணிப்பை கொண்டுபோங்கோ. டியூட்டி ஃபிரீ பையை விமான நிலையத்திலயே விட்டிட்டுப் போக வேணும்.

குளிர்! ஆபிரிக்கா எண்டவுடன வெயில் எண்டு நினைச்சு மெல்லிய சட்டையோட போறவை கனபேர். ஜூலை இரவு 10 பாகைக்குக் கிட்ட இறங்கும், அறையில ஹீற்றர் இராது. ஸ்வெற்றர் ரெண்டு, காலுறை, மழை ஜக்கெற். முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ் அங்கயே வாங்கலாம், மழை பெய்தால் செம்மண் சேறு ஒட்டிப்பிடிக்கும். வெறுங்காலோட வெளியில நடக்கிற பழக்கத்தை விட்டிடுங்கோ. மண்ணில ஒரு வகைத் தெள்ளு இருக்கு, நகக்கண்ணுக்குள்ள புகுந்து முட்டை வைக்கும். வெளியில கொடியில காய்ஞ்ச உடுப்பை இஸ்திரி போட்டு உடுங்கோ. ஈரத்துணியில முட்டை இடுற ஈ ஒண்டு சூடான இடங்களில இருக்கு. மேட்டுநிலத்தில குறைவு, ஆனாலும் இஸ்திரிக்கு என்ன செலவு?

தலையில மாட்டுற டோர்ச் கட்டாயம். கையில பிடிக்கிற டோர்ச்சால ஒரு கை வீணாப்போகும்.

குக்கர்சத்தம்:
சாப்பாட்டுக்கு வருவோம். விருந்தினர் விடுதியில் பொதுவாகச் சமையலறை இருக்கும், கேஸ் அடுப்பும் இருக்கும். தனியாகச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் பெட்டியில் எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 3 லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்துவிடுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. துவரம்பருப்பைச் சட்டியில் போட்டு ஒரு மணி நேரம் நின்றாலும் நடுவில் கல் மாதிரி இருக்கும். கேஸ் தீர்ந்துபோகும். குக்கரில் ஊரில் மூன்று விசில் என்றால் அங்கே நாலைந்து வையுங்கள். கூடுதலாக ஒரு கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் எடுத்துக்கொள்ளுங்கள், பொமெட்டில் நம் அளவு கிடைக்காது.

குடிதண்ணீருக்கும் இதே கணக்குத்தான். ஊரில் ஒரு நிமிஷம் கொதித்தால் போதும், அந்த உயரத்தில் மூன்று நிமிஷம் கொதிக்க விடுங்கள்.

சந்தையில் நம் பருப்பெல்லாம் உண்டு, பெயர்தான் வேறு. ன்டெங்கு என்றால் பச்சைப்பயறு. ம்பாஸி என்றால் துவரை. குண்டே என்றால் தட்டப்பயறு. கொத்தமல்லிக்கு அவர்களும் தனியா என்றுதான் சொல்கிறார்கள். சப்பாத்தி சப்பாத்தியேதான், ரயில்பாதை போட வந்தவர்களும் குஜராத்திக் கடைக்காரர்களும் விட்டுப்போனது. மிளகாய்த்தூள், பெருங்காயம், புளி, கடுகு மட்டும் ஊரிலிருந்து அரைக்கிலோவுக்குள் எடுத்தால் எட்டு வாரம் ஓடும். மீதி நைரோபி பார்க்லண்ட்ஸ் பக்கத்து இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் உகாலியும் சுகுமா விகியும்தான் தினசரி. மக்காச்சோள மாவுக் களியும் கீரை வதக்கலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களி சாப்பிட்டு வளர்ந்தவருக்கு உகாலி ஒரு வாரத்தில் பழகிவிடும், கையால்தான் சாப்பிட வேண்டும். டீ நம் டீயேதான், பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்க வைத்தது. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டு மூர்சிக் கொடுத்தால் அது சுரைக்குடுக்கையில் கரி தடவிப் புளிக்கவைத்த பால், சாம்பல் நிறத்தில் இருக்கும். மரியாதைக்கு ஒரு வாய் குடியுங்கள். காய்ச்சாத பாலில் செய்ததா என்று தெரியாவிட்டால் அதற்குமேல் வேண்டாம்.

நாலாம்வருஷம்:
குக்கர் விஷயம் யாரும் சொல்லவே இல்லை, நன்றி. மருந்துப் பெட்டி பற்றி?

கிடங்குச்சாவி:
மருந்துப் பெட்டி வேண்டாம். வீட்டில் கோபித்துக்கொண்டாலும் வேண்டாம்.

முதல் காரணம், உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை விதிப்படி மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக் கெடு மிச்சம் இருக்க வேண்டும். சாம்பிள் மருந்தில் அது பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, நம் ஊர் பிராண்டுப் பெயரை அங்கே யாருக்கும் தெரியாது. ஒரே அட்டையில் மூன்று மருந்து கலந்த கூட்டு மாத்திரைகள் நம் ஊரில் சகஜம், அவர்களுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்காது. அதைப் பிரித்து, பதிந்து, கடைசியில் எரிப்பதும் மருந்தாளுநர் தலையில் விழும். மூன்றாவது, சுங்கத்தில் நீங்கள் மாட்டுவீர்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து மொத்தமாக வாங்கித் தரம் பார்த்து அனுப்புவதற்கென்றே நைரோபியில் மெட்ஸ் என்ற அமைப்பு 1986-லிருந்து இருக்கிறது. அந்தப் பணத்தை ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளி நிதியில் கட்டினால் அதே காசுக்குச் சரியான மருந்து வரும்.

கருவியும் அப்படித்தான். அமெரிக்காவிலிருக்கும் உறவினர் கொடுத்த 110 வோல்ட் சக்‌ஷன் இயந்திரத்தை 240-இல் சொருகினால் ஒரு புகை, அவ்வளவுதான். மிஷன் ஆஸ்பத்திரிக் கொல்லைகளில் இப்படிப் போய்ச் சேர்ந்தவைதான் குவிந்து கிடக்கும்.

உங்களுக்கென்று எடுக்க வேண்டியது: உங்கள் முகத்துக்குப் பொருந்துவதாகச் சோதித்த என்95 முகக்கவசம் இருபது, கண்ணாடிக் கவசம், விரல் ஆக்சிமீட்டர், ஸ்டெத், சட்டைப்பையில் நுழையும் நோட்டுப் புத்தகம், சாக்கடிக்காத அறுவையரங்கச் செருப்பு. பேட்டரி எல்லாம் கைப்பையில்.

கிச்சிலிக்கிளை:
பாஷை. ஆங்கிலம் தவிர இரண்டு பாஷை என்று முதலில் மனதில் வையுங்கள். ஊழியர்களோடு ஆங்கிலமும் சுவாஹிலியும். நோயாளிகள் பெரும்பாலும் கிப்ஸிகிஸ் மக்கள், வீட்டுப் பேச்சு கலென்ஜின். வயசான பாட்டிகளுக்குச் சுவாஹிலியும் சரியாக வராது. "சாம்கே" என்று கும்பிடு போட்டால் "சாம்கே மிஸிங்" என்று பதில் வரும். நன்றிக்கு "கொங்கோய்". இந்த இரண்டை வைத்துக்கொண்டே வார்டில் பாதி தூரம் போகலாம்.

சுவாஹிலியில் தமிழனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலக்காரன் எல்லாவற்றுக்கும் ரைஸ் என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறான். சுவாஹிலியில் ம்புங்கா என்றால் நெல், ம்செலே என்றால் அரிசி, வாலி என்றால் சோறு. அதே மாதிரி முன்பின் தெரியாத பெண்ணை "மாமா" என்று கூப்பிடுவது நம் "அம்மா"தான், பெரியவரை "ம்ஸே" என்பது நம் "பெரியவரே". குழந்தையின் தாயைக் குழந்தை பெயர் சொல்லியே அழைப்பார்கள், செபெட்டின் அம்மா என்றால் "மாமா செபெட்". நம் தெருவில் "முருகன் அம்மா" என்பது போல.

வார்டுக்கு வேண்டிய சொற்கள்: உச்சுங்கு உகோ வாபி, வலி எங்கே. வுத்தா பும்ஸி, மூச்சை இழுங்கள். கோஹோஆ, இருமுங்கள். லாலா, படுங்கள். டாமு, ரத்தம். குஹாரா, வயிற்றுப்போக்கு. ஊசி போடுமுன் "போலே" சொல்லுங்கள். மன்னிப்பு, அனுதாபம், பார்த்துப் போ, எல்லாம் அந்த ஒரு சொல்தான். "ஹோமா" என்று வந்தால் அது காய்ச்சலா சளியா என்று மறுபடி கேட்க வேண்டும், இரண்டுக்கும் அதையே சொல்வார்கள்.

இனி ஆபத்தான இடம்: மணி. சுவாஹிலிக் கணக்கில் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்கும். காலை 7 மணிதான் "ஸா மோஜா", அதாவது ஒன்றாம் மணி. "ஸா ம்பிலி" என்றால் நேர்ச்சொல்லில் இரண்டு மணி, உண்மையில் எட்டு. ஆறு மணி வித்தியாசம். கிராமத்துத் தாயிடம் "கடைசியாக வலிப்பு எப்போது வந்தது" என்று கேட்டு, "ஸா டானோ" என்றதை ஐந்து மணி என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் தப்பு. அது பதினொன்று. விரலை நீட்டி வானத்தைக் காட்டச் சொல்லுங்கள், சூரியன் எங்கே இருந்தது என்று காட்டிவிடுவார்கள்.

இரவுமணி:
கிச்சிலிக்கிளை சொன்ன மணிக் குழப்பத்தோடு இன்னும் இரண்டு எழுத்துக் குழப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நம் ஊரில் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதுவோம், காலை ஒன்று இரவு ஒன்று. அங்கே அது யாருக்கும் புரியாது. மருந்து உறையில் 1×3 என்று இருந்தால் ஒரு மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை. 2×2 என்றால் இரண்டிரண்டாக இருவேளை. பழக்க தோஷத்தில் 1-0-1 எழுதிவிட்டால், கம்பவுண்டர் கேட்காமல் விட்டால், வீட்டில் ஒருவர் என்ன வேண்டுமானாலும் அர்த்தம் பண்ணிக்கொள்வார்.

இன்னொன்று, பெயர். கலென்ஜின் பெயர் பிறந்த நேரத்தை வைத்து வருவது. ஆணுக்குக் கிப், பெண்ணுக்குச் செப். விடியலில் பிறந்தால் செப்கோச், உச்சிவேளையில் என்றால் செபெட், மழை பெய்யும்போது என்றால் செரோப், மாடு வீடு திரும்பும் நேரம் என்றால் செரோடிச். எவ்வளவு அழகான வழக்கமோ அவ்வளவு தொல்லை, ஏனென்றால் ஒரே வார்டில் ஒரே நாளில் மூன்று செப்கோச் இருப்பார்கள். ரத்தம், ஊசி, ரிப்போர்ட் எதுவானாலும் இரண்டாம் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். "நீங்கள் செப்கோச்தானே?" என்று கேட்காதீர்கள், மூன்று பேரும் ஆமாம் என்பார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

அடுத்தது காசு, இதுதான் என் பெரிய கவலை. மிஷன் ஆஸ்பத்திரி என்றால் இலவசம் என்று நினைத்துப் போகிறார்கள். இல்லை. நோயாளி கட்டணம் கட்டுகிறார். 2024 அக்டோபர் 1 முதல் பழைய தேசியக் காப்பீட்டுக்குப் பதில் சமூக சுகாதார ஆணையத்தின் திட்டம் வந்திருக்கிறது, பதிந்து சந்தா கட்டியவருக்குத்தான் அது. மீதியைக் குடும்பம் திரட்ட வேண்டும். பசுவை விற்பார்கள், ஹரம்பே என்று சொந்தபந்தம் கூட்டி வசூல் பண்ணுவார்கள். நம் ஊர் மொய் மாதிரி. வேலை தேடிப் போன மகன் கைபேசியில் எம்-பேசாவில் அனுப்புவான். பில் தீராமல் குணமானவர் வீட்டுக்குப் போக நாளாகலாம். ஆகவே "எதற்கும் பார்த்துவிடுவோம்" என்று நீங்கள் எழுதும் ஒரு எலக்ட்ரோலைட் சோதனையும் ஒரு குடும்பத்தின் பையிலிருந்துதான் போகிறது. சீனியர் "இது எதற்கு?" என்று கேட்டால் திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப் போவதில்லை என்றால் அந்தச் சோதனை வேண்டாம்.

நோயாளி கையில் நேரடியாகப் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த கட்டிலுக்காரர் பார்ப்பார், மறுநாள் உங்களைச் சுற்றி வரிசை நிற்கும். சமூகப் பணியாளரிடமோ சாப்ளின் எனப்படும் ஆஸ்பத்திரிப் போதகரிடமோ சொல்லுங்கள்.

நாலாம்வருஷம்:
சரி, அப்படியானால் நான் அங்கே என்னதான் செய்வது? குழந்தைகள் வார்டில் போடுவார்கள் போலிருக்கிறது.

இரவுமணி:
வேலை கொட்டிக் கிடக்கிறது. யாருக்கும் நேரமில்லாத வேலை. ஆக்சிஜன் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டிலோரம் உறுமிக்கொண்டு நிற்பது கான்சென்ட்ரேட்டர். அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து ஆக்சிஜனைத் தருவது. போட்டவுடன் முழுத் தூய்மை வராது, ஐந்து பத்து நிமிஷம் ஆகும். பக்கவாட்டில் ஒரு பஞ்சு வடிகட்டி இருக்கும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். தூசி அடைத்தால் இயந்திரம் சூடாகும், தூய்மை குறையும், அளவுமானியில் பந்து மட்டும் அதே இடத்தில் நிற்கும். அதனால் பந்தை நம்பாதீர்கள். மூக்குக் குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் காற்று வருகிறது. வராவிட்டால் குழாய் கட்டில் சக்கரத்தின் கீழ் நசுங்கியிருக்கும், அல்லது ஈரப்பத பாட்டில் மூடி மரை ஏறாமல் பக்கவாட்டில் கசியும். பத்தில் ஏழு தடவை அந்த மூடிதான். பார்த்து முடித்ததும் நுனியைத் துடைத்து மாட்டுங்கள். பச்சிளங்குழந்தைக்கு நிமிஷத்துக்கு அரை முதல் ஒரு லிட்டர், கைக்குழந்தைக்கு ஒன்று முதல் இரண்டு. பாட்டில் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

டென்வெக்கில் நியாங்கோரஸ் ஆற்றிலேயே சொந்த நீர்மின் நிலையம் இருப்பதால் கரண்ட் நிலைமை பல இடங்களைவிட மேல். ஆனாலும் எந்த ஆஸ்பத்திரியானாலும் முதல் நாளே பாருங்கள்: சிலிண்டர் எங்கே, அதைத் திறக்கும் சாவி எங்கே, அழுத்தமானி என்ன காட்டுகிறது. சிலிண்டர் இருந்து சாவி இல்லாத வார்டுகள் உலகம் பூராவும் உண்டு.

அந்த உயரத்தில் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 94, 95 சதவீதம் காட்டும். பதறாதீர்கள். 90-க்குக் கீழே என்றால் ஓடுங்கள்.

விழுப்புரம்_எக்ஸ்பிரஸ்:
அதோடு ஷாக்கில் வரும் குழந்தைக்கு டக்கென்று 20 மி.லி./கிலோ சலைன் ஓட்டத் தெரிந்திருந்தால் போதும், ஒரு உயிரைக் காப்பாற்றலாம். எங்கள் பாடத்தில் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரவுமணி:
> டக்கென்று 20 மி.லி./கிலோ சலைன்

நில்லுங்கள். இதைத்தான் அங்கே செய்யக்கூடாது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011-இல் வெளியானது. வேகமாகத் திரவம் கொடுத்த குழுவில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்தரை. கொடுக்காத குழுவில் 7.3. வேகமாகக் கொடுத்ததில்தான் இறப்பு கூடியது. அந்த ஆய்வில் சேர்ந்த குழந்தைகளில் பலருக்கு மலேரியாவோ கடும் ரத்தசோகையோ இருந்தது, ஆய்வு நடந்த ஆஸ்பத்திரிகளில் ஐ.சி.யு. கிடையாது, வென்டிலேட்டர் கிடையாது. நம் பாடப் புத்தகத்துக் குழந்தை வேறு, அந்தக் கட்டிலில் கிடக்கும் குழந்தை வேறு. கென்ய அரசின் குழந்தை மருத்துவ நெறிமுறைச் சிறு கையேடு வார்டில் எல்லோர் பையிலும் இருக்கும். கை சில்லிட்டிருக்க வேண்டும், நாடி மெலிந்திருக்க வேண்டும், நகத்தில் ரத்தம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆக வேண்டும், நினைவு மங்கியிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் ஷாக். உள்ளங்கை வெளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் டிரிப்பைத் திறக்காதீர்கள். மாணவர் தன் முடிவில் திறக்கவே கூடாது.

விழுப்புரம்_எக்ஸ்பிரஸ்:
வயிற்றுப்போக்கில் வறண்டு வந்த குழந்தைக்குமா?

இரவுமணி:
அது வேறு, அந்த ஆய்வில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. அதற்கு கையேட்டில் தனி அட்டவணை இருக்கிறது. ஆனால் வறண்டு தெரியும் குழந்தை உண்மையில் மெலிந்து வற்றிய குழந்தையாக இருக்கலாம். குழிந்த கண்ணும் தொய்ந்த தோலும் இரண்டிலும் உண்டு. கை நாடாவால் மேல்கைச் சுற்றளவு அளந்து 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் திட்டமே மாறும்.

அங்கேதான் உங்களுக்கு உண்மையான வேலை. கடும் ஊட்டக்குறைவுக் குழந்தைக்கு முதல் சில நாள் எஃப்-75 பால், கிலோவுக்கு 130 மி.லி. ஒரு நாளைக்கு. உடம்பு கடுமையாக வீங்கியிருந்தால் 100. ஆறு கிலோக் குழந்தை, வீக்கம் இல்லை என்றால் 780 மி.லி., மூன்று மணிக்கொரு தரம் எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு நூறுக்குச் சற்றுக் குறைவு. பகலில் சரியாக நடக்கும். இரவு 12 மணி வேளையும் 3 மணி வேளையும் தான் விடுபடும், ஒரு நர்ஸுக்கு முப்பது குழந்தை என்றால் விடுபடாமல் என்ன செய்யும்? அந்த வேளை தவறினால் சர்க்கரை இறங்கி, உடம்பு சில்லிட்டு, விடியற்காலையில் குழந்தை போய்விடும். தவறியதைச் சேர்த்து காலையில் இருமடங்காகக் கொடுத்தால் பலவீனமான இதயம் தாங்காது. நீங்கள் எழுந்து போய்த் தாயை எழுப்பி, கப்பில் அளந்து கொடுத்து, குடித்தது எவ்வளவு, கக்கியது எவ்வளவு என்று தாளில் குறித்தால் அது போதும். இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம்.

கிடங்குச்சாவி:
ஒரு சின்ன சேர்க்கை. "நம் ஊரில் செய்ய அனுமதியில்லாததை அங்கே போய்ச் செய்து பழகலாம்" என்று சீனியர்கள் யாராவது சொன்னால் காதை மூடிக்கொள்ளுங்கள். அங்கே ஹவுஸ் சர்ஜன்கள் இருக்கிறார்கள், கிளினிக்கல் ஆபீசர் என்று தனிப் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதுகுத்தண்டு ஊசியை எட்டு வாரத்தில் கிளம்பிப் போகிறவர் போட்டால் யாருக்கு லாபம்? நர்ஸுகளிடம் கேளுங்கள். டென்வெக் 1937-இல் தொடங்கியது, முதல் முழுநேர மருத்துவர் வந்தது 1959-இல். அதுவரை நர்ஸுகள்தான் நடத்தினார்கள்.

மஞ்சளட்டை:
ஊசி குத்தல் பற்றி யாரும் எழுதவில்லையே. கையில் குத்திவிட்டால் பிழியாதீர்கள், சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் சில மணிக்குள் தொடங்க வேண்டும், 72 மணி தாண்டினால் பயனில்லை. 28 நாள், ஒரு நாளும் விடாமல். உங்கள் ரத்தத்தை அன்றே ஒருமுறை, ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று சோதிக்க வேண்டும். எட்டு வாரம் முடிந்து கிளம்பிவிட்டால் மீதிச் சோதனையை ஊரில் எங்கே எடுப்பது என்பதையும் முன்பே யோசியுங்கள். முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த மாத்திரை யார் அலமாரியில் இருக்கும்? அதோடு, பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாதீர்கள், நம் ஊர் வார்டுகளில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

தோத்திரமாலை:
மதம் பற்றிய கேள்விக்கு. இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, அனுப்பும் அமைப்புக்கு அமைப்பு மாறும். சில அமைப்புகள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். நம்பாததில் கையெழுத்துப் போடாதீர்கள், "நான் இந்து, ஆனால் காலை ஆராதனையில் அமர்ந்திருக்க ஆட்சேபம் இல்லை" என்று முன்பே எழுதுங்கள். கடிதம் வந்துவிட்டது என்பதால் இப்போதாவது கேட்டுவிடுவது நல்லது. ரவுண்ட்ஸுக்கு முன் ஜெபம் இருக்கும், அறுவைக்கு முன் நோயாளியின் கையைப் பிடித்து ஜெபிப்பார்கள். அமைதியாக நின்றால் போதும். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த குடும்பத்துக்கு இதில் புதுசாக என்ன இருக்கப் போகிறது?

மது, சிகரெட் வளாகத்தில் கிடையாது. பெண்கள் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை, ஆண்கள் காலர் வைத்த சட்டை, நீளப் பேண்ட். அரைக்கால் சட்டையோடு வார்டுப் பக்கம் போக வேண்டாம். சுடிதாரைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கிச்சிலிக்கிளை:
படம் எடுப்பது: எடுக்காதீர்கள். கென்யாவில் 2019-லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கருப்புக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்த படம் சட்டத்துக்கு முன்னால் மரியாதைக்கே பொருந்தாது. நம் தாலுகா ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு மாணவி ஒருத்தி நம் பிள்ளையைத் தூக்கி அப்படி எடுத்தால் எப்படி இருக்கும்?

நாலாம்வருஷம்:
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மருந்துப் பெட்டிக்குப் பதில் நிதி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: விமானம் நைரோபியில் இரவு 9 மணிக்கு இறங்குகிறது. அப்படியே வண்டி பிடித்துப் போய்விடலாமா?

வடமராட்சி:
வேண்டாம். நைரோபியில தங்கிட்டு விடிய வெளிக்கிடுங்கோ. மாய் மஹியு, நாரோக் வழியா நாலு மணித்தியாலத்துக்கு மேல ஓட்டம், இரவில லொறியளுக்கு நடுவில வேண்டாம். ஆஸ்பத்திரியே வாகனம் ஒழுங்கு செய்து தரும், கேளுங்கோ. மோட்டார்ச் சைக்கிள் டக்சியில, பொடா பொடா எண்டுவினம், ஏற வேண்டாம். எலும்பு முறிவு வார்டை ஒருக்காச் சுத்திப் பார்த்தால் ஏன் எண்டு விளங்கும். விமான நிலையத்திலயே பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகொம் சிம் எடுத்து எம்-பேசாவையும் திறந்திடுங்கோ. பொமெட் சந்தையில தக்காளிக்காரம்மாவுக்கும் அதிலதான் காசு. ஸ்வெற்றரைப் பெட்டிக்குள்ள வைக்காமல் கைப்பையில வையுங்கோ, மாய் மஹியுவுக்கு முந்தி மேட்டில ஏறேக்கயே குளிரத் தொடங்கும்.